ரயில் பைத்தியங்கள்

என் மகனுக்கு 8 வயது, ஆட்டிசம் உண்டு. "போய் விளையாடுடா" என்று கூட்டத்துக்குள் தள்ளிவிட்டதுதான் நான் செய்த முதல் தப்பு. காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றான்.

அப்புறம் டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இவனைப் போல ரயில் பைத்தியம் வகுப்பில் வேறு யாராவது உண்டா? இருந்தான். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச்சொன்னோம். அரை மணி நேரம்தான், தண்டவாளம் கோக்கும் விளையாட்டு மட்டும். முடிய 5 நிமிடம் இருக்கும்போதே மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தேன். திடீரென்று நிறுத்தினால் இவன் தாங்க மாட்டான். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. "முகத்தைப் பார்த்துப் பேசு" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவதும் விளையாட்டுதானே.

கிளம்பும்போது அந்தப் பையன், "ஆன்ட்டி, அவன் ஏன் கையை உதறுறான்?" என்றான்.

"சந்தோஷம் வந்தா அப்படித்தான்."

"ஓ" என்று தானும் ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.