ட்வீட்டும் மேற்கோளும்

ஆய்விதழ்களின் இணையப் பக்கங்களில் கட்டுரைத் தலைப்பின் அருகே ஒரு வண்ண வளையத்தையும் அதன் நடுவே ஓர் எண்ணையும் கண்டிருப்பீர்கள். ட்விட்டருக்கு வெளிர்நீலம், செய்தி ஊடகத்துக்குச் சிவப்பு என்று நீண்டு, கட்டுரை இணையத்தில் எவ்வளவு பேசப்படுகிறது என்று காட்டும் அந்த ஆல்ட்மெட்ரிக் வளையத்தின் எண் பெரிதாக இருந்தால், பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் அதைச் சுட்டும் மேற்கோள்களும் தாமே வந்து குவியும் என்று நம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு.

காரணம் இல்லாமல் இல்லை. 2011-இல் குந்தர் ஐசன்பாக், தாம் ஆசிரியராக இருந்த மருத்துவ இணைய ஆய்விதழின் கட்டுரைகளை வைத்து, அதிகம் ட்வீட் செய்யப்பட்டவை அதிக மேற்கோள் பெறும் வாய்ப்பு 11 மடங்கு என்று எழுதினார். (ஒரே இதழ், அதுவும் இணையத்தைப் பற்றியே பேசும் இதழ் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது.)

நல்ல கட்டுரை இரண்டையும் தானே ஈட்டியிருக்கலாம் அல்லவா? 2024-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான சோதனை இந்தச் சிக்கலை நேராகவே அணுகியது. 11 அறிவியலாளர்கள், ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஐந்து கட்டுரைகளை எடுத்து, குலுக்கல் முறையில் ஒன்றை மட்டும் தம் கணக்கில் பகிர்ந்தார்கள்; 10 மாதங்களில் பகிர்ந்தவை 110, ஒப்பீட்டுக்கு வைத்தவை 440. பகிர்ந்த அன்று பதிவிறக்கம் எகிறியது. மூன்றாண்டு கழித்து எண்ணியபோது, மேற்கோள்களில் தெரிந்த சிறு வேறுபாடு தற்செயல் என்று ஒதுக்கத்தக்க அளவிலேயே இருந்தது.

நெஞ்சக அறுவை மருத்துவர்கள் 112 கட்டுரைகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையோ எதிர்முடிவைத் தந்தது: ட்வீட் செய்யப்பட்டவை கூடுதல் மேற்கோள் பெற்றன.

ஆய்வாளர்கள் கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் மென்பொருளான மெண்டலியில் சேமிப்பவர்களின் எண்ணிக்கைதான் மேற்கோளோடு கூடுதலாக ஒத்துப்போகிறது. சேமிப்பவர் பெரும்பாலும் நாளை எழுதப்போகிறவர். வேடிக்கை என்னவென்றால், அந்த எண்ணிக்கை வளையத்தின் மதிப்பெண்ணில் சேர்க்கப்படுவதே இல்லை.