மொரிஸ் மைனருக்கு எத்தனை அம்பியர் ஃபியூஸ்?

யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பொனட்டைத் திறந்தால் டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் இரண்டே இரண்டு கண்ணாடி ஃபியூஸ். முழுக் காருக்கும் காவல் அவ்வளவுதான். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. இங்கிலாந்தில் செய்தபோதே அப்படித்தான்.

எங்கள் மைனர் 1000 யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. கிடைத்ததைக் கொண்டு ஓட்டிய அந்த வருடங்களில் வயரிங்கும் கிடைத்ததைக் கொண்டே ஒட்டுப்போடப்பட்டிருந்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால் வீட்டு வயர்த் துண்டுகள், ஒரு ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டி ஈயத்தாள். ஆகவே ஒட்டுப்போடுவதை விட்டு, எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக இழுப்பதென்று தீர்மானித்தேன். வயர் இழுப்பது பொறுமை இருந்தால் முடிகிற வேலை. எந்த இடத்துக்கு எத்தனை அம்பியர் என்பதில்தான் நிறைய நேரம் போனது.

குழப்பம் பழைய ஃபியூஸிலேயே தொடங்குகிறது. இந்தக் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்த லூக்காஸ் கம்பனியின் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சிறு காகிதத் துண்டு இருக்கும். அதில் 35 என்று அச்சிட்டிருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். கடையில் இன்று 35 என்று கேட்டு வாங்குகிற கண்ணாடி ஃபியூஸ்கள் பலவற்றில் அந்த எண் தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிக்கிறது. எண்ணைப் பார்த்து மாற்றினால் காவல் பாதியாகிவிடும். அந்த ஃபியூஸ் வழியே போகும் 28/0.30 வயர் (0.30 மில்லிமீற்றர் இழைகள் 28) தாங்குவது 17.5 அம்பியர். 30 அம்பியர் ஓடினாலும் புதிய ஃபியூஸ் அசையாது, வயர் உறைதான் முதலில் உருகும். இந்த ஒன்றை மட்டுமாவது பழைய பிரித்தானிய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

வேலை செய்து தந்த அண்ணர் முதலில் எல்லாவற்றுக்கும் 15 போடலாம் என்றார். நான் உடன்படவில்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பையோ ஹோர்னையோ அல்ல, அவற்றுக்குப் போகும் வயரை. மெல்லிய 14/0.30 வயர் 8.75 அம்பியர்தான் தாங்கும். அதற்கு 15 போட்டால் ஃபியூஸ் இருந்தும் இல்லாததுதான். எனவே கொப்பியில் ஒவ்வொரு சுற்றுக்கும் வாட்டைக் கூட்டி, பற்றரியின் 12 வோல்ட்டால் வகுத்து அம்பியரைக் கண்டோம். ஓடும் மின்னோட்டம் ஃபியூஸ் எண்ணின் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது, ஃபியூஸ் எண் வயரின் அளவைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டுக்கும் இடையில் கிடைப்பதே சரியான ஃபியூஸ்.

பிரேக் லைட் 21 வாட் பல்ப் இரண்டு: 42 வாட், 3.5 அம்பியர். கணக்குப்படி 5 போதும். ஆனால் குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும், பிரேக்கோ நாள் முழுவதும் மிதிபடுவது. 7.5 போட்டோம். வயர் 8.75 தாங்குவதால் பயமில்லை. முன்பு வைப்பரும் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே பச்சை வயர்க் கூட்டத்தில், ஒரே ஃபியூஸின் கீழ் இருந்தன. மாரி மழையில் வைப்பர் இறுகி ஃபியூஸ் போனால் பிரேக் லைட்டும் சேர்ந்து அணையும். மழைக்குள் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு நான் பிரேக் பிடிப்பது தெரியாது. அதனால் மூன்றையும் பிரித்தோம்.

ஹெட்லைட்டுக்கு இடமும் வலமும் தனித்தனி ஃபியூஸ், ஒவ்வொன்றும் 7.5. 45/40 வாட் பல்பையே (ஹை பீமுக்கு 45, லோ பீமுக்கு 40) வைத்துக்கொண்டேன். டைனமோ தருவது அதிகபட்சம் 22 அம்பியர். வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுப் பெரிய ஹலஜன் போட்டால் இரவில் பற்றரிதான் கரையும். ஒற்றை ஹோர்னுக்கு 10, பார்க் லைட்டுகளுக்கு 5.

இக்னிஷன் கொயிலுக்குப் போகும் வெள்ளை வயருக்கு ஃபியூஸ் போடவில்லை. அது போனால் ஓடுகிற வண்டி நடுவீதியில் நிற்கும். தயாரித்தவர்களும் அதை அப்படியே விட்டிருந்தார்கள். பற்றரியிலிருந்து வரும் பழுப்பு வயரும் அப்படித்தான். அதற்குப் பதிலாக, இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களிலெல்லாம் புதிய ரப்பர் வளையம் போட்டு, பற்றரிக்கு ஒரு துண்டிப்பு சுவிட்சும் வைத்தோம். அந்த வளையங்களில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

முடிந்ததும் எல்லா லைட்டையும் எரியவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து, ஒவ்வொரு ஃபியூஸ் பிடியையும் விரலால் தொட்டுப் பார்த்தோம். இடப்பக்க ஹெட்லைட் பிடி மட்டும் சுட்டது. ஃபியூஸில் குறையில்லை, வயர் முனை சரியாக நசுக்கப்படவில்லை. முனையை வெட்டிப் புதிதாகப் பிடித்ததும் சூடு தணிந்தது. பெட்டி மூடியின் உட்புறத்தில் அளவுகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். உதிரியாக 5, 7.5, 10 மட்டுமே காரில் இருக்கும். அதைவிடப் பெரியது எதையும் வைக்கவில்லை.