மண் புறாவும் மாடிப் புறாவும்

"சனிக்கிழமை புறா சுட வருகிறாயா?" என்று அலுவலகத் தோழர் கேட்டபோது, கையிலிருந்த தேநீர் என் சட்டையில் சிந்தியது. வானில் வீசப்படும் மண் தட்டுக்குத்தான் ஆங்கிலேயர் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது பிறகே விளங்கியது. ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில், மொட்டைமாடி முழுவதும் புறாக்கூண்டு அடுக்கியிருந்த வீட்டில் பிறந்தவனிடம் இப்படிப்பட்ட சொல்லை முன்னறிவிப்பு இல்லாமல் உச்சரிக்கலாமா?

இங்கிலாந்தின் லிங்கன்ஷயருக்கு நான் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குளிர் பழகிவிட்டது, வரிசையில் நிற்பதும் பழகிவிட்டது. ஆகவே துணிந்து போனேன். அந்தத் தட்டு உண்மையில் மண்ணே அல்ல. சுண்ணாம்புக்கல் பொடியையும் தார் போன்ற கீலையும் கலந்து வார்த்த, 110 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டு. சுடுபவர் ஆங்கிலத்தில் "புல்" என்று கூவ, பொறி அதை வானில் எறிகிறது. "இழு" என்று ஏன் கூவ வேண்டும் என்று கேட்டேன். முற்காலத்தில் உயிருள்ள புறாவைப் பெட்டியில் அடைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டுச் சுட்டார்களாம். 1921இல்தான் சட்டம் போட்டு இங்கே அதை நிறுத்தினார்கள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் நாள் கொடுத்தது 3.6 கிலோ எடையுள்ள 12 போர் துப்பாக்கி. 'போர்' என்பது குழல் வாயின் அளவு; எண் கூடினால் வாய் குறுகும். இருபத்தைந்து தட்டுகளில் ஆறு உடைந்தன, தோள் கன்றிப்போனது. மெலிந்த உடம்புக்காரனான எனக்கு அடுத்த முறை 2.6 கிலோ எடையில், குழல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்த 20 போர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் நடுப்பகுதி எஃகுக்குப் பதில் அலுமினியக் கலவை. அதனால்தான் அந்த இலேசு. 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. அது தவறி 12 போர் குழலுக்குள் விழுந்தால் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும்.

இலேசான துப்பாக்கி இலேசாகத்தான் உதைக்கும் என்று நம்பியிருந்தேன். நேர்மாறு. அதே அளவு ரவையை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளைத் தள்ளும்போது எடை குறைந்த துப்பாக்கியே வேகமாகப் பின்வாங்கும். ஆகவே 28 கிராம் ரவையுள்ள தோட்டாவை விட்டுவிட்டு 24 கிராமுக்கு இறங்கினேன். இன்னொரு குணமும் இந்த இலேசான துப்பாக்கிக்கு உண்டு: சட்டென்று தோளுக்கு ஏறும், சட்டென்று நின்றும் விடும். கனமான துப்பாக்கியை ஒருமுறை வீசிவிட்டால் அது தன் போக்கில் தட்டைத் தொடர்ந்து போகும். இதுவோ கை தயங்கிய கணமே நின்று, ரவையைத் தட்டுக்குப் பின்னால் அனுப்பிவிடும். நாள் முழுக்க வேலியோரம் சுமந்து நடக்கும் வேட்டைக்காரனுக்கு இது வரம். நூறு தட்டு சுடுபவனுக்குச் சற்றே சோதனை.

பயிற்சியாளர் என் தெருவின் கேரம் பழக்கத்தைத்தான் முதலில் குறை சொன்னார், அதன் பெயர் அவருக்குத் தெரியாது என்றாலும். ஒரு கண்ணை மூடிக் குறிபார்க்காதே. குழலை மறந்து தட்டைப் பார். அது இருக்கும் இடத்தை அல்ல, போகப்போகும் இடத்தைச் சுடு என்றார். இதை அப்பா எனக்கு எட்டு வயதில் சொல்லித் தந்திருக்கிறார், வேறு காரணத்துக்காக. வல்லூறு வட்டமிடும்போது வீடு தேடித் திரும்பும் எங்கள் ஹோமர் புறா எந்தப் பக்கம் திரும்பும், அறுந்து மிதந்து வரும் மாஞ்சா நூலை நோக்கி அது போகிறதா என்பதையெல்லாம் முன்கூட்டியே கணித்தால்தான் விசில் அடித்து அழைக்க முடியும். பந்தயத்துக்காக நாக்பூரில் விட்ட புறாக்கள் வடக்கு வானில் கடுகளவாகத் தெரியும்போதே, "இது நம்முது" என்று அவர் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணோடு பார்த்த அன்று பதினேழு தட்டுகள் உடைந்தன. உடைத்தபின் ஏன் மனம் கனத்தது என்று அவர்களுக்கு விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

துப்பாக்கியை வாங்கியே விட்டேன். ஐந்து ஆண்டுக்கான உரிமத்தைக் காவல்துறைதான் தருகிறது. அதிகாரி வீட்டுக்கே வந்து இரும்புப் பெட்டியைச் சோதித்து, தேநீர் அருந்திவிட்டுப் போனார். எங்கள் பக்கம் போலீஸ் படியேறினால் தெருவே கூடிவிடும். தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மா, "இன்னாடா பண்ண?" என்று அழவே தொடங்கிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு விவசாயி அழைத்தார். அவருடைய கடுகினப் பயிரின் இலைகளைக் காட்டுப்புறாக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன; அவருடைய நட்டம் நியாயமானது, சட்டமும் அவர் பக்கம் இருந்தது. வலைமறைவில் உட்கார்ந்தேன். கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு ஒன்று தாழ வந்து, இறங்குவதற்காகச் சிறகை விரித்தது. துப்பாக்கி தானாகத் தோளுக்கு ஏறியது, அவ்வளவு இலேசு. நான் அதன் காலைப் பார்த்தேன், பந்தயப் புறாவுக்குப் போடும் வளையம் மாட்டியிருக்கிறதா என்று. பார்த்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. அடுத்ததன் காலையும் பார்த்தேன்.

"துப்பாக்கி சரியில்லையா?" என்று விவசாயி கேட்டார். கை விறைத்துவிட்டது என்றேன்.

அன்று மாலை அப்பாவை அழைத்தேன். "எத்தினி வுழுந்துச்சு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், நாக்பூரில் விட்டவற்றில் ஒரு பொட்டை இன்னும் வரவில்லை என்றும், மூன்று நாளாக மாடி விளக்கை அணைக்கவில்லை என்றும் சொன்னார்.