‘பி’ பக்கம் நாலாவது பாட்டு

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் திறந்தது என் ஆய்வேட்டின் பின்னிணைப்பைத்தான். ஒரு கேசட் அட்டையின் படத்தைக் காட்டி, “பி பக்கத்தில் நாலாவது பாட்டை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறதே, ஏன்?” என்று கேட்டார். இரண்டு வாரம் உட்கார்ந்து தயாரித்த கேள்விகளில் இது இல்லை. ஆனாலும் பதில் தெரிந்திருந்தது. அந்த அட்டையை எழுதிய கடைக்கார அண்ணாச்சியிடம் இதே கேள்வியை நான் முன்பே கேட்டிருந்தேன்.

என் தலைப்பு, திருநெல்வேலிப் பக்கம் 1980களிலும் 90களிலும் இருந்த பாட்டுப் பதிவுக் கடைகள். ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்று சொன்னால்தான் அந்தத் தலைமுறைக்குப் புரியும். விருப்பமான பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் கேசட்டில் பதிந்து, அட்டையில் பாட்டு வரிசையைக் கையால் எழுதித் தருவார்கள். 60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், 90 என்றால் 45. அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: “கடைசிப் பாட்டு பாதில அந்துபோச்சுன்னா வந்து ஏசுவாவ தம்பி. அதான் சின்னப் பாட்டாப் பாத்து மாத்திப் போட்டுருவேன்.”

இதைத் தேர்வாளரிடம் அப்படியே சொன்னேன். அவர் அடுத்துக் கேட்ட கேள்வி நான் ஏங்கிக் காத்திருந்தது: “அப்படியானால் இந்தப் பட்டியல் கேட்டவரின் ரசனையா, கடைக்காரரின் ரசனையா, நாடாவின் நீளமா?” அந்த ஒரு கேள்வியில் என் ஆய்வேடு முழுக்க இருக்கிறது. பண்பாட்டு ஆய்வில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருப்பவர்கள், பதியப்போகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதிலிருந்துதான் வருகிறது. ஒரு பொருள் கைக்கு வந்ததும் அதன் அர்த்தத்துக்குப் போகாதீர்கள். அது யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள்.

எனக்கு இது தொடக்கத்திலேயே தெரிந்திருக்கவில்லை. முதல் வருடம் முழுக்கக் கோட்பாடுதான் படித்தேன். தொலைக்காட்சி சொல்வதைப் பார்ப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பற்றி, பிரிட்டன் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் சொன்ன மூன்று வகை வாசிப்பு நம் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்: சொன்னபடி ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி மாற்றிக்கொள்வது, எதிர்த்து வாசிப்பது. நான் எடுத்த நேர்காணல்களை இந்த மூன்று பெட்டிகளில் போட்டு ஒரு இயல் எழுதிக் கொடுத்தேன். என் நெறியாளர் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: “கடைக்காரர் எந்தப் பெட்டி?” அவருக்கு இடமே இல்லை. அனுப்புகிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு பார்த்ததில், நடுவில் உட்கார்ந்து நகல் எடுத்த மனிதர் என் கண்ணில் படவில்லை.

அப்புறம்தான் ஹால் அந்த மூன்று வகைகளைச் சொன்ன கட்டுரை வந்த கதையைத் தேடிப் படித்தேன். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்திலிருந்து, 1973இல் ஸ்டென்சில் தாளில் உருட்டிய பிரதியாகத்தான் அது முதலில் வெளிவந்தது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எழுதி, முடிந்தும் முடியாமலும் இருக்கும்போதே ஒருவருக்கொருவர் கொடுத்துப் படித்த தாள்கள் அவை. பல்கலைக்கழகம் அந்தத் துறையை 2002இல் மூடிவிட்டது, தாள்கள் மட்டும் இன்றும் படிக்கப்படுகின்றன. சைக்ளோஸ்டைல் பிரதிகளைத் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. நாம் மேற்கோள் காட்டும் கோட்பாடே நகலாகக் கைமாறி வளர்ந்தது என்று தெரிந்தபோது, பதிவுக் கடையை என் இயலின் நடுவில் வைக்க எனக்குத் தைரியம் வந்தது. வட இந்தியக் கேசட் தொழிலைப் பற்றி பீட்டர் மேனுவல் 1993இல் எழுதிய நூலை அதற்குப் பிறகு படித்தேன், கூடுதலாகப் புரிந்தது. கோட்பாட்டைப் படியுங்கள், நிறையவே படியுங்கள். ஆனால் களத்துக்கு ஒருமுறை போய்வந்த பிறகு படித்தால் அது வேறு மாதிரி பேசும்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலப் பாடத்திட்டத்தில் பண்பாட்டு ஆய்வுகள் தனி அலகாகவே இருக்கிறது. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் மூன்று மணி நேரம். அங்கே பெயர், ஆண்டு, கலைச்சொல் எல்லாம் வேண்டும், கூச்சப்படாமல் மனப்பாடம் செய்யுங்கள். அந்தப் பழக்கத்தை ஆய்வேட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஆதாரங்களைச் சேர்க்கும் வேலைக்கு வருகிறேன். மேடைக் கச்சேரிக் காணொளிகளின் இணைப்புகளை மட்டும் ஒரு கோப்பில் சேர்த்துவைத்தேன். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் பாதிக்கு மேல் இல்லை. பதிவேற்றியவர்கள் கணக்கையே மூடிவிட்டிருந்தார்கள். அன்றைக்கு ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கினேன். என்ன பொருள், யார் கொடுத்தார், அவருக்கு எப்படிக் கிடைத்தது, என் கைக்கு வந்த தேதி, நகல் எடுத்தது யார் என்று கட்டம் போட்டேன். காணொளி என்றால் தலைப்பு, ஏற்றியவர் வைத்திருந்த பெயர், கீழே இருந்த கருத்துகள் எல்லாவற்றையும் பார்த்த அன்றே படம் பிடித்து வைத்தேன். கருத்துகளை விட்டுவிடாதீர்கள். “இந்தப் பாட்டு எங்க கல்யாணத்துல போட்டது” என்று ஒருவர் எழுதியிருந்தால் அது நேர்காணலுக்குச் சமம்.

நம் துறையில் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்காமல் யாரும் படித்து முடிக்க முடியாது. பென் டிரைவ் கைமாறிக்கொண்டே இருக்கும். அதில் குற்றவுணர்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. நம் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவு இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடைமேல் மூன்று பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கில், பாடத்துக்காக நகல் எடுப்பதை உயர் நீதிமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டது. பொதுவில் கிடைப்பதும் ஏராளம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போனால் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக் கண்ணால் பார்க்கலாம். பட்மா, இந்தியன்சினிமா ஆகிய இரண்டு இணையக் காப்பகங்களிலும் காட்சிக்குக் காட்சி குறிப்பு எழுதிச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஒரு காட்சிக்கு எப்படிக் குறிப்பு எழுதுவது என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சட்டம் சொல்லித் தராத ஒன்று உண்டு. அதில் நான் தவறு செய்தேன்.

மேலப்பாளையத்தில் ஒரு அக்கா தன் வீட்டுக் கேசட்டுகளோடு சேர்த்து ஒரு குரல் கடிதத்தையும் தந்தார். சவுதியில் வேலை பார்த்த அவருடைய வாப்பா, கடிதம் எழுதாமல் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பியது. அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் பல பேர் இப்படி அனுப்பியிருக்கிறார்கள். பேச்சின் நடுவே அடிக்கடி ‘டக்’ என்று ஒரு சத்தம். தொண்டை அடைக்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, சரியானதும் மறுபடி பேசியிருக்கிறார். கடைசியில் மிச்சமிருந்த நாடாவில் இரண்டு சினிமாப் பாட்டு.

ஒரு கருத்தரங்கில் அதிலிருந்து நாற்பது விநாடி போட்டுக் காட்டினேன். அரங்கமே அமைதியானது, பலர் வந்து பாராட்டினார்கள். அமர்வை யாரோ பதிந்து இணையத்தில் ஏற்ற, அது வாட்ஸ்அப் வழியாக நான்கு நாளில் மேலப்பாளையத்துக்குப் போய்விட்டது. அக்கா போனில் கூப்பிட்டார். கோபப்படவில்லை. “தம்பி, அது எங்க வாப்பா உம்மாவுக்குப் பேசுனது. எழுதத்தானே கேட்டீங்க?” என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. எழுதத்தான் கேட்டிருந்தேன், போடுவதற்குக் கேட்கவில்லை. ஏற்பாட்டாளர்களிடம் பேசி அந்தப் பகுதியை நீக்க வைத்தேன், நண்பர்களுக்குக் கொடுத்திருந்த நகல்களையும் அழிக்கச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் போனதைத் திரும்ப வாங்க வழியில்லை.

அந்த வாரம் கணக்கு நோட்டில் இன்னொரு கட்டம் போட்டேன்: ‘எதுவரை’. படிக்க மட்டுமா, மேற்கோள் காட்டலாமா, அறையில் போடலாமா, இணையத்தில் ஏற்றலாமா? ஏற்கெனவே பொருள் தந்த எல்லோரிடமும் திரும்பப் போய் ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். மூன்று மாதம் பிடித்தது. கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் ‘ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்’ என்று ஒரே வரி இருந்தால் போதாது. ஒவ்வொன்றையும் பிரித்து, வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். அண்ணாச்சி அட்டைகளின் படத்தைத் தாராளமாகப் போடச் சொன்னார், தன் கடைப்பெயர் மட்டும் தெரியக்கூடாது என்றார். பின்னிணைப்பில் அதை மறைத்திருக்கிறேன்.

மேலப்பாளையத்துக்குக் கேசட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை என்பதால் ஒலிக்கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டும் தந்தேன். ‘டக்’ சத்தத்தைப் பற்றி எழுதிய பத்தியை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இது இருக்கட்டும் என்றார். ஆய்வேட்டில் அந்தப் பத்திக்குக் கீழே ‘ஒலி குடும்பத்தாரிடம் உள்ளது’ என்று ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது.