சிவக்காத புண்

அம்மா ஐசியுவில் வென்டிலேட்டரில் கிடந்த 11ஆம் நாள் அது. திரையில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்த என்னை இரவுப் பணியில் இருந்த நர்ஸ் ஓரமாகக் கூப்பிட்டார். "முதுகுக்குக் கீழ ஒரு இடம் வந்திருக்கு, நீங்களும் பாத்துடுங்க." இருவர் சேர்ந்து அம்மாவை ஒருக்களித்துப் பிடித்தார்கள். வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. தோல் கிழியவில்லை. எங்கோ கீழே போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, கத்தியும் விட்டேன்.

மறுநாள் புண் பராமரிப்பு நர்ஸ் ஒருவர் பொறுமையாக விளக்கினார். படுக்கைப் புண் தோல் உரசி மேலிருந்து உள்ளே போவது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஆழமான புண் உள்ளேதான் தொடங்குமாம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கிய தசை முதலில் சாகும். வெளியே நிறம் தெரிய 2, 3 நாள் ஆகலாம். நாங்கள் பார்த்தது பழைய காயம்.

ஐசியுவில் எல்லாமே தோலுக்கு எதிராக நிற்கிறது. ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் நாரட்ரினலின், தோலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்குகிறது. வென்டிலேட்டர் நோயாளிக்கு நிமோனியா வராமலிருக்கத் தலைமாட்டை 30 டிகிரியாவது உயர்த்தி வைக்கிறார்கள். உயர்த்தினால் உடல் மெல்லக் கீழே சரியும். அப்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் இறங்கும்; நடுவிலிருக்கும் சதை இழுபடும். மயக்க மருந்தில் இருப்பவருக்கு வலி தெரியாது, புரளவும் முடியாது.

ஒன்றுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணக்கிட, பிரேடன் மதிப்பெண் என்று ஒரு தாள் இருக்கிறது. மொத்தம் 23, 18 அல்லது அதற்குக் கீழே வந்தாலே ஆபத்து. அம்மாவுக்கு 9 போட்டிருந்தார்கள். ஆபத்து தெரிந்தே இருந்தது. ஆனால் தோல் பரிசோதனைக் கட்டத்தில் நாள்தோறும் 'சிவத்தல் இல்லை' என்றே எழுதியிருந்தது. அம்மா நல்ல கறுப்பு. படுக்கைப் புண்ணின் முதல் நிலைக்கு அடையாளம் விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு என்கிறார்கள். கறுத்த தோலில் அது கண்ணுக்குப் படாமலே போகலாம். "புறங்கைய வெச்சுப் பாருங்க" என்றார் அந்த நர்ஸ். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கல்போலவோ கொழகொழவென்றோ இருந்தால் உஷாராக வேண்டும்.

ஒரு வாரத்தில் அந்த ஊதா கறுத்து, காய்ந்த தோல்போல இறுகியது. செத்த சதையை வெட்டி எடுத்தபோது உள்ளே குழி. அடியில் எலும்பு தட்டுப்பட்டது. நான்காம் நிலை, அதாவது மிக ஆழமான நிலை. பிறகு புண்ணை மூடிக் கசிவை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் டிரெஸ்ஸிங், புரதம் கூட்டிய உணவு. இடையில் நான் பெருமையாக ஒரு வளையத் தலையணை வாங்கிப்போனேன். விளிம்பு ரத்த ஓட்டத்தை இன்னும் நெரிக்கும் என்று அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கன்றிய இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாதாம். நான் இரண்டு நாள் தேய்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் இரவு வேலை என்னுடையது. 2 மணிக்கொரு முறை அலாரம். முழுதாக ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும் என்பதால் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரிச் சாய்வு. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் அந்தரத்தில். சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்க்கவில்லை; குழாயின் அச்சு அப்படியே தொடையில் பதிந்திருந்தது.

குழி மூட 7 மாதம் ஆனது. மூடிய தழும்புக்குப் பழைய தோலின் பலம் முழுதாகத் திரும்பாது என்பதால் இப்போதும் தூங்கும்முன் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். "கைய எடுடா, ஜில்லுன்னு இருக்கு" என்கிறாள் அம்மா.