மேக்கை எடு, மியூவை வை

நம் பள்ளி ஆங்கில வகுப்பில் புதுச் சொல்லுக்குப் பொருள் கடைசியில்தான் வரும். முதலில் வாய், பிறகு கை. மியூனிஃபிசென்ட் (munificent) வந்ததும் அப்படித்தான். மேக்னிஃபிசென்ட் எல்லாருக்கும் தெரியும். அதில் மேக்கை எடு, மியூவை வை, முடிந்தது. இரண்டிலும் அழுத்தம் ‘னி’யில். எழுத்தும் அதே கணக்கு: எம், ஏ, ஜி போய் எம், யூ வரும், மிச்சம் அப்படியே, மொத்தம் 10 எழுத்து. எஃபிஷியன்ட், சஃபிஷியன்ட் எழுதிப் பழகிய கை ‘சி’க்குப் பின் ஒரு ‘ஐ’யைச் செருகிவிடும். சிவப்பு மை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்து வேர். லத்தீனில் மூனுஸ் என்றால் கொடை, கடமை. மியூனிசிபாலிட்டியும் ரெமுனரேஷனும் அந்த வேரில் கிளைத்தவையே. இது பிடிபட்டவர் சம்பளத்தை ‘ரெனுமரேஷன்’ என்று சொல்ல மாட்டார். (சொல்கிறவர்கள் பள்ளிக்கு நன்கொடை பெறும் நம் சங்கத்திலேயே உண்டு.)

பொருளுக்குத் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு அகராதி எதற்கு? “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்” என எல்லாவற்றையும் பெரிய கோயில் கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். அந்த அளவுக் கொடைக்குத்தான் இந்தச் சொல். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்துக்குச் சொல்லலாம். பேனா இரவல் கொடுத்தவனுக்குச் சொன்னால் கிண்டலாகிவிடும். ஈகை என்று மொழிபெயர்த்தால் மதிப்பெண் பாதிதான். ஈகை வறியவருக்குக் கொடுப்பது என்று வள்ளுவர் வரம்பு கட்டிவிட்டார். இங்கே வாங்குவது கோயிலாகவோ கல்லூரியாகவோ இருக்கலாம். வள்ளன்மை பொருந்தும்.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லாவிஷில் (lavish) ஊதாரி வாடை கலக்கும். லார்ஜெஸில் (largesse) மேலே இருப்பவர் கீழே அள்ளி விடும் தொனி உண்டு. தேர்தல் நேரத்து அறிவிப்புகளைப் பற்றி எழுதப் பொருத்தம், நன்றிக் கடிதத்தில் எழுதினால் கொடுத்தவர் முகம் சுளிப்பார்.

சங்கத்தின் நன்றிக் கடிதங்களை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டுப் புத்தகம் வாங்கக் கொடுத்தவருக்கு ஜெனரஸ் போதும்; வகுப்பறைக் கட்டடமே கட்டித் தந்தவருக்கு மியூனிஃபிசென்ட். பெயர்ச்சொல் மியூனிஃபிசென்ஸ், அதற்குப் பன்மை போட வேண்டாம். தன் நன்கொடையைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்வதும் கூடாது. அது வாங்கியவர் வாயில் வர வேண்டிய சொல்.