பதினாறடி வள்ளமும் 9.9 மோட்டரும்

முதல்லயே சொல்லிப்போடுறன், காசு மிச்சம் பிடிக்கத்தான் வீட்டில வள்ளம் கட்டப்போறன் எண்டு ஆரும் நினைச்சால் அதை அப்பிடியே விட்டுடுங்கோ. இஞ்ச ஒன்ராறியோவில பழைய அலுமினியம் போட், மோட்டர், ரெயிலர் எல்லாம் சேர்த்து வாங்கிற காசு, நல்ல மரைன் பிளைவூட்டுக்கும் எப்பொக்சிப் பசைக்குமே காணாது. எனக்கு வேண்டியிருந்தது வேற. கவார்த்தா ஏரியளில மெதுவா ஓடித்திரியோணும், ரெண்டு மூண்டு பேர் சோத்துப் பார்சலோட இருந்து போகோணும், எங்கட சின்னக் காரால இழுக்கோணும். கடையில நிக்கிற பைபர்கிளாஸ் போட்டெல்லாம் 60, 90 குதிரைவலு மோட்டர் கேக்குது, அதை இழுக்கப் பிறகு ஒரு றக் வாங்கோணும்.

வள்ளம் கட்டுறன் எண்டு ஊராக்களுக்குச் சொன்னால் காணும், உடனே அன்னபூரணிக் கப்பலின்ர கதையை இழுத்துக்கொண்டு வருவினம். வல்வெட்டித்துறையில கட்டினது, ஒரு அமெரிக்கர் வாங்கிப் பேரை மாத்தி, 1938இல மசாசுசெற்ஸில இருக்கிற குளொஸ்ரர் துறைமுகம் மட்டும் பாயிலயே போய்ச் சேந்தது, பெருமைதான், ஆனா அது ரெண்டு பாய்மரம் வச்ச கப்பலுங்கோ, நான் கட்டினது கராஜ் கதவு பூட்டுமோ எண்டு அளந்து பாத்துக் கட்டின அடிப்பக்கம் தட்டையான பதினாறடி வள்ளம்.

கட்டின முறை தைச்சு ஒட்டுறது. 1960களின்ர தொடக்கத்தில இங்கிலாந்தில டெய்லி மிரர் பத்திரிகையின்ர பேரில மிரர் எண்டொரு சின்னப் பாய்வள்ளம் வந்தது, அதுக்குப் பிறகுதான் மரவேலை படிக்காத ஆக்களும் இந்த முறையில கராஜுகளில கட்டத் தொடங்கினவை. வரைபடத்தின்படி பிளைவூட்டை வெட்டி, கரையோரமாச் சின்னத் துளை போட்டு, செப்புக் கம்பியால ரெண்டு பலகையையும் சேர்த்துத் தைக்கிறது. எங்கட பக்கத்துக்கு இது புதினமில்லை, சோழமண்டலக் கரையில மசூலாப் படகுகளை ஆணியே இல்லாமல் கயிறாலதான் தைச்சவை. இஞ்ச வித்தியாசம் என்னெண்டால் இடையிடையே பசை வச்சு அது இறுகின பிறகு கம்பியை உருவி எறிஞ்சிடுவம். குறட்டால ஒவ்வொரு கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமா முறுக்க, தரையில தட்டையாக் கிடந்த பலகையள் வளைஞ்சு, முன்பக்க அணியம் மேல எழும்பி, பின்னேரத்துக்குள்ள ஒரு வள்ளம் நிக்கும். ஆனா அவசரப்பட்டு ஒரே கம்பியை இறுக்கினால் அது 6 மில்லிமீற்றர் பலகையை அறுத்துக்கொண்டு வந்திடும், அதால அணியத்தில இருந்து பின்பக்கக் கடையால் மட்டும் எல்லாத்தையும் கொஞ்சம் லூசாத் தைச்சுப்போட்டு திரும்பத் திரும்பச் சுத்தி வந்து இறுக்கிறதுதான் சரி.

இனி பாரம். என்னைக் கேட்டால் வள்ளம் கட்டுறதில பாதி முடிவு இந்த ஒரு விசயத்திலதான் இருக்கு. 4க்கு 8 அடி, 6 மில்லிமீற்றர் ஒகூமே எண்ட பாரம் குறைஞ்ச மரத்தின்ர பிளைவூட் ஒரு தட்டு எட்டு ஒன்பது கிலோதான், அதே அளவு மெராண்டி மரப் பிளைவூட் பன்னிரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும், விலை குறைவு, பழுதுபடுறதும் குறைவு, ஆனா எத்தினை தட்டுப் போகுது எண்டு பெருக்கிப் பாருங்கோ. நான் போட்டது பக்கப் பலகையளுக்கு 6, அடிப்பலகைக்கு 9 மில்லிமீற்றர், எல்லாம் ஒகூமே. பைபர்கிளாஸ் துணி வெளிப்பக்கம் மட்டும், உள்ளுக்குப் பொருத்துகளுக்கு அதே துணியின்ர நாடாதான். கனபேர் பயத்தில உள்ளயும் வெளியயும் ரெண்டு ரெண்டு படை போட்டு, தடிச்ச சட்டங்களை வச்சு அடிச்சு, பிறகு பெரிய மோட்டர் தேடித் திரியினம். என்ர வெறும் வள்ளம் 100 கிலோவுக்குக் கிட்ட, ரெண்டு பேர் பிடிச்சுப் பிரட்டலாம்.

எட்டடிப் பலகையில பதினாறடி வள்ளம் எப்பிடி எண்டால், நுனியளைச் சரிவாச் சீவி ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சு ஒட்டுறது. சரிவு தடிப்பின்ர எட்டு மடங்கு, அப்ப 6 மில்லிமீற்றருக்கு 48. சீவேக்க பிளைவூட்டின்ர ஒட்டுக் கோடுகள் நேரா வரிவரியாத் தெரிஞ்சால் சரி, நெளிஞ்சால் இன்னும் மட்டமாகேல்லை.

எப்பொக்சி ஒரு பொல்லாத சாமான். அதை இறுக வைக்க நான் கலக்கிற ஹார்டனருக்கு 16 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது, ஒன்ராறியோ ஏப்ரலில கராஜுக்குள்ள அது எங்க கிடைக்கிறது, அதால மே மாதம் வரும்வரைக்கும் வெட்டுறதும் சீவுறதும்தான். கலக்கினதைக் கப்புக்குள்ளயே விட்டால் தானாச் சூடேறிப் புகைக்கும், உடன தட்டையான தட்டில ஊத்திப் பரப்போணும். மூலையளுக்கு மரத்தூள் போட்டுத் தடிப்பாக்கி, கரண்டியைக் கவிட்டால் விழாத பதத்தில வச்சு வழிச்சு விடோணும். காய்ஞ்ச பிறகு மேல எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு வரும், அதைத் தண்ணியால கழுவாமல் மட்டத்தாள் (சாண்ட்பேப்பர்) பிடிச்சால் தாளும் போச்சு, பெயின்றும் பிறகு பிடிக்காது. மட்டத்தாள் போடுறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, அது முடியாத வேலை, நல்ல மாஸ்க் போடுங்கோ, அவ்வளவுதான்.

மோட்டர் 9.9 குதிரைவலு. ஏன் உது எண்டு எல்லாரும் கேக்கினம். கனடாவில 10 குதிரைவலுவும் அதுக்கு மேலயும் எண்டால் வள்ளத்துக்கு லைசன்ஸ் இலக்கம் எடுக்கோணும், இதுக்குத் தேவையில்லை, ஆனா ஓட்டிற ஆளுக்குப் படகு ஓட்டத் தெரியும் எண்டதுக்கான காட் கட்டாயம். மற்றது இந்த 4 ஸ்ரோக் மோட்டரே 40 கிலோவுக்கு மேல, அவ்வளவும் கடையால்லதான் தொங்குது, ஓட்டிறவரும் அங்கதான் இருக்கிறார், அதால பெற்றோல் ராங்கியை முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கிறன். தனிய ஓடினால் வள்ளம் தண்ணிக்கு மேல எழும்பிச் சறுக்கிக்கொண்டு போகும், மூண்டு பேர் எண்டால் எழும்பாது, மணிக்கு பத்துக் கிலோமீற்றரை ஒட்டித்தான். பரவாயில்லை, கரையில இருந்து 30 மீற்றருக்குள்ளயும் கால்வாய்களிலயும் 10க்கு மேல ஓடவும் ஏலாது. ஸ்ரர்ஜன் ஏரியில காத்து எழும்பினால் மட்டும் தட்டை அடி டமார் டமார் எண்டு அடிக்கும், அப்ப வேகத்தைக் குறைச்சுக் கரையோரமாப் போறதைத் தவிர வேற வழியில்லை. எல்லாருக்கும் லைஃப்ஜக்கற், 15 மீற்றர் எறிகயிறு, துடுப்பு, தண்ணி அள்ள ஒரு வாளி, விசில் எல்லாம் இருக்கு.

பெனலன் போல்ஸ் எண்ட ஊரில இருந்து ஸ்ரர்ஜன் ஏரியால பொப்கேஜன் ஊர் மட்டும் போறதுதான் எங்களுக்கு விருப்பமான ஓட்டம். ட்ரென்ட் செவர்ன் நீர்வழி மொத்தம் 386 கிலோமீற்றர், அதில இது ஒரு சின்னத் துண்டு. தண்ணியை ஏத்தி இறக்கி வள்ளத்தை அடுத்த மட்டத்துக்கு விடுற லொக்குக்கு வெளிய நீலக் கோடு போட்ட சுவரோட நிண்டால் உள்ள போகப்போறம் எண்டு லொக்கில வேலை செய்யிற ஆக்களுக்கு விளங்கும். உள்ள போய் மோட்டரை நிப்பாட்டி, சுவரில தொங்கிற கேபிளில கயிறைச் சுத்திக் கையில பிடிக்கோணும், கட்டக்கூடாது, தண்ணி இறங்கேக்க கட்டின வள்ளம் சுவரிலயே தொங்கிடும். பக்கத்தில பெரிய குறூசர்காரர் எட்டிப் பாத்து நீ கட்டினதோ எண்டு கேக்கிறது கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு.

திரும்பி வந்து ரெயிலரில ஏத்தினதும் அடியில இருக்கிற பிளக்கைக் கழட்டித் தண்ணியை விட்டு, மோட்டரில சிக்கின பாசியை எல்லாம் பிடுங்கோணும், ஒரு ஏரியின்ர சீப்ராச் சிப்பி மற்ற ஏரிக்குப் போகக்கூடாதெண்டு 2022 தொடக்கம் ஒன்ராறியோவில அது சட்டம்.

அடுத்த வேலை மழைக்கு ஒரு கன்வஸ் கூரை. கழட்டி மடிக்கிற மாதிரி, நாலு கிலோவுக்கு மேல போகக்கூடாது. மனுசி கேக்கிறது காஸ் அடுப்பு வைக்க ஒரு பெட்டியும் சாய்மானம் வச்ச கதிரையும். ரெண்டையும் நிறுத்துப் பாக்கத் தராசு எடுத்து வச்சிருக்கிறன், அவவுக்கு இன்னும் சொல்லேல்லை.